சாளிமுத்துவின் கை

சாளியக்காவிடம் வழி கேட்டவர்கள் யாரும் முதல் தடவையிலேயே போய்ச் சேர்ந்ததில்லை. புதுக்கோட்டையில் வழி தப்புவதற்கே தனித் திறமை வேண்டும். வீதிகள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருக்கும். கிழக்கு, மேற்கு என்று திசையும், இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணும் வேறு போட்டிருக்கும். அந்த ஊரிலேயே ஆட்களைத் தொலைத்தவர் அவர். "அந்த முக்குல வலது பக்கம் திரும்புங்க" என்று வாய் சொல்லும், கை இடது பக்கம் காட்டும். கேட்டவர் எதை நம்புவது என்று புரியாமல் நிற்பார். அப்போது சாளியக்கா தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் இருங்க, எந்தக் கைன்னு பாத்துக்கறேன்" என்பார். அவர் பார்த்து முடிப்பதற்குள் சைக்கிள்காரர் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி எங்கள் வாசலுக்கே வந்திருப்பார்.

வழி சொல்வதில் மட்டுமா? கோயிலில் திருநீறு வாங்கப் போனாலும் அதே கதைதான். குருக்கள் திருநீற்றை எடுத்துக்கொண்டு காத்திருப்பார், இவர் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். எங்கள் வீட்டுக்குக் குழம்பு கொண்டுவந்தால் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் நீட்டுவார். "ரெண்டு கையாலயும் குடுத்துட்டா எதுவும் தப்பில்ல பாருங்க" என்று அம்மாவிடம் சொல்வார். கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் டைப் அடித்துக்கொடுக்கும் வேலை பார்த்தார். அங்கே மட்டும் அவருக்குத் தடுமாற்றமே கிடையாது. எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று யாரோ முன்னாலேயே தீர்மானித்து வைத்துவிட்டார்கள், அந்த நிம்மதியில் படபடவென்று அடித்துத் தள்ளுவார் என்று நினைக்கிறேன்.

சாளியக்கா என்பது அவர் பெயர் அல்ல. மேல நாலாம் வீதி லைன் வீடுகளில் இருந்த பிள்ளைகள் நாங்கள் வைத்த கேலிப் பெயர். காரணம், அவர் எங்கள் லைனுக்குக் குடிவந்த முதல் வாரமே அம்மாவிடம் சொன்ன ஒரு விஷயம்.

"மெட்ராஸ்ல ஆறு வருஷம் டிவியில வேலை பாத்தேங்க. சாளிமுத்து நான்தான்."

சாளிமுத்துவை இப்போது யாருக்குத் தெரியும் என்று போன வருஷம்வரை நானும் நினைத்திருந்தேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்த பொம்மை நிகழ்ச்சி அது. சாளிமுத்து ஒரு பெருச்சாளி. காக்கிச் சட்டை போட்ட தபால்காரப் பெருச்சாளி. ஒரு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தோள் பையிலிருந்து லெட்டர் எடுத்துக் கொடுப்பான். எதிரே ஒரு பிள்ளை வந்து நின்று, "சாளிமுத்து, எனக்கு லெட்டர் இருக்கா?" என்று கேட்கும். அவன் உடனே பதில் சொல்ல மாட்டான். பிள்ளையைப் பார்ப்பான், பையைப் பார்ப்பான், சும்மா நிற்பான். டிவிக்கு முன்னால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். அப்புறம்தான் அந்த நீள வாய் மெதுவாகத் திறக்கும். "இருக்கே!" என்பான். சில வாரம் "இல்லியே" என்பான். அந்த "இல்லியே"க்கு நான் அழுதிருக்கிறேன்.

அப்படிப்பட்ட சாளிமுத்து, முப்பது வயதில், நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறான் என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? நிகழ்ச்சி நின்றுபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வயதில் நான் பெரிய நீதிபதி. லைனில் யார் பந்தைத் தொலைத்தார்கள், யார் கோள் சொன்னார்கள் என்பதெல்லாம் என்னிடம்தான் விசாரணைக்கு வரும். இதையும் விசாரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கிணற்றடியில் ஆறு பிள்ளைகள் கூடினோம். என் தம்பியின் பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்றைச் சாளியக்காவிடம் கொடுத்து, "சாளிமுத்து மாதிரி பேசிக் காட்டுங்கக்கா" என்றேன்.

"கொரலு நானில்லத்தா. அது வேற ஒரு சாரு. வாயும் கையும் மட்டும்தான் நான்."

இங்கேயே பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையதா? நான் மட்டும் சிரிக்கவில்லை, நீதிபதி அல்லவா. "சரி, வாயை ஆட்டிக் காட்டுங்க" என்றேன். அவர் வழக்கம்போல இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு சாக்ஸை இடது கையில் மாட்டினார்.

"சோத்தாங்கையில போடுங்கக்கா."

"இல்ல, இதுலதான். மொதல்ல அந்தக் கை. அப்புறம் இந்தக் கைக்கு மாத்திட்டாங்க. இல்ல, இரு, மொதல்ல இது..."

எங்களில் ஒரு பிள்ளை முன்னால் வந்து, "எனக்கு லெட்டர் இருக்கா?" என்று கேட்டாள். சாக்ஸ் அசையவில்லை. அது வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஒரு சாக்ஸை ஆட்டத் தெரியவில்லை, இவர் சாளிமுத்துவாம். நான் கடைசியாகக் கிளம்பினேன். அவர் கையில் சாக்ஸ் அப்போதுதான் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

அதோடு போயிருந்தால் பிள்ளை விளையாட்டு. போகவில்லை. எங்கள் வீதியில் ஓர் அம்மா நர்சரிப் பள்ளி நடத்தினார். சாளியக்கா அங்கே வேலைக்குக் கேட்டிருக்கிறார். பொம்மை வைத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற வேலை. டிவியில் இருந்தவர் என்று அந்த அம்மாவுக்கும் ஆசைதான், ஆனால் கையில் ஒரு சான்றிதழ் இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. பால் வாங்கப் போன என்னை அந்த அம்மா நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, ஒங்க லைன்ல இருக்குறவங்க டிவியில பொம்மை ஆட்டுனேங்குறாங்களே, நெசமா?"

"பொய்ங்க. நாங்க டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம்" என்றேன். இப்போது எழுதும்போதும் அந்தக் குரல் காதில் கேட்கிறது. எவ்வளவு தெளிவு!

வேலை கிடைக்கவில்லை. சில மாதம் கோர்ட்டு எதிரே டைப் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கடையும் மூடிவிட்டது. திருவரங்குளத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். போகிற அன்று என் கையில் இரண்டு கையாலும் ஒரு மாம்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைத் தின்றேன். மாம்பழம் நன்றாகவே இருந்தது.

இனி இப்போதைய கதை. நான் திருச்சியில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தினமும் புதுக்கோட்டையிலிருந்து பஸ். பழைய பொம்மை நிகழ்ச்சிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து, போனில் பார்க்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காலம் இது. நூலும் குச்சியும் துணியும் போய், ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாக ஆடுகிற மாதிரி செய்கிறோம். போன வருஷம் எங்களுக்கு வந்த வேலையைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சாளிமுத்து! அன்று மத்தியானம் ஆபீசில் எல்லாருக்கும் என் செலவில் பஜ்ஜி.

குரல் கொடுத்தவர் காலமாகிவிட்டார். அதனால் பழைய டேப்பில் இருக்கிற குரலையே சுத்தம் செய்து வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் புதிதாகச் செய்வது என்று ஏற்பாடு. குரலுக்குத் தகுந்தபடி வாய் அசைகிறதா என்று பார்ப்பது என் வேலை. கூடவே இன்னொன்று. பேச்சுக்கு நடுவே வருகிற மௌனங்களை வெட்ட வேண்டும். பிள்ளை கேட்கிறது, சாளிமுத்து சும்மா நிற்கிறான், அந்த இடம் வேண்டாம். எங்கள் டீம் லீடருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. "கேப் விட்டா வீடியோ சுத்துதுன்னு நெனச்சுப் பசங்க தள்ளி விட்ருவாங்க மேடம்" என்றார். அதுவும் சரிதான், என் மகளே அப்படித்தான் செய்வாள். மூன்று மாதம் வெட்டினேன். கேட்டவுடன் "இருக்கே!" என்று சாளிமுத்து பளிச்சென்று சொன்னான். ஏதோ குறைகிறது என்று தோன்றும். என்னவென்று பிடிபடாது.

டேப்புகளில் இன்னொரு குழப்பமும் இருந்தது. ஆரம்ப வாரங்களில் சாளிமுத்து இடது கையால் லெட்டர் கொடுக்கிறான். பிறகு வலது கையால். ஆபீசில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது. திரையில் நம் வலப்பக்கம் தெரிவது அவனுடைய இடது கை, இல்லை வலது கைதான் என்று ஆளுக்கு ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வாசலில் டீ கொண்டுவந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வரத் தயங்கினார். இதை எழுதும்போதும் நான் கைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒருநாள் ஒரு டேப்பில் தொடக்க இசை கெட்டுப்போயிருந்தது. வழக்கமாக இசையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அன்று வேறு வழியில்லாமல் முதலிலிருந்து ஓடவிட்டேன். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் ஸ்டூடியோவில் பேசிக்கொண்டது ஹெட்போனில் கேட்டது. ஓர் ஆண் குரல் எரிச்சலாகச் சொல்கிறது:

"பீச்சாங்கையால லெட்டர் குடுக்குறான், எங்க பிள்ளையும் அதே மாதிரி பண்ணுதுன்னு ஊர்லேருந்து கட்டுக் கட்டா லெட்டர் வந்து கெடக்கு. இன்னையிலேருந்து கையை மாத்து. தலைக்கு எடது கையை விடு. சோத்தாங்கையால லெட்டர் குடு."

கொஞ்சம் மௌனம். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல்.

"ஒரு நிமிஷம் இருங்க சார், எந்தக் கைன்னு பாத்துக்கறேன்."

எல்லாரும் சிரிக்கிறார்கள். "ஸ்டார்ட்" என்கிறார் ஒருவர்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. அதுவரை அவர் வலது கையைப் பொம்மையின் தலைக்குள் விட்டு வாயை ஆட்டியிருக்கிறார், பழகிய கை, வாய் உடனுக்குடன் திறந்தது. இடது கையில் பொம்மையின் இடது கையுறையை மாட்டி லெட்டர் கொடுத்திருக்கிறார். ஊர் கோபித்துக்கொண்டதும் மாற்றிவிட்டார்கள். பழகாத இடது கையால் அந்தக் கனமான வாயைத் திறக்க நேரம் பிடித்திருக்கிறது. குரல் கொடுத்தவர் அவருக்காகக் காத்திருந்து பேசப் பழகியிருக்கிறார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோமே, அந்த நிற்றல், அது சாளிமுத்து யோசித்தது இல்லை. மேஜைக்கு அடியில் ஒரு பெண் தன் இடது கையோடு போராடியது. கிணற்றடியில் அவர் சாக்ஸை இடது கையில் மாட்டியதும், அது தாமதமாக வாய் திறந்ததும், அவர்தான் சாளிமுத்து என்பதற்கு எங்கள் கண் முன்னால் காட்டிய சாட்சி. அதை வைத்துத்தான் நான் பொய் என்று தீர்ப்புச் சொன்னேன். போதாததற்கு, மூன்று மாதமாக உட்கார்ந்து அவரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறேன்.

டீம் லீடரிடம் போய் மௌனங்களைத் திரும்ப வைத்துவிடலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். "அது பழைய டெக்னிக்கல் கோளாறு மேடம். நம்ம சாளிமுத்துக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். உள்ள யாரும் இல்லையே." அவர் சொன்னதிலும் தப்பில்லை. கடைசியில் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். முடிவில் பழைய நிகழ்ச்சியின் ஆட்கள் பெயர் ஓடும். குரல், இசை, உடை எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, கைக்கு இல்லை. சாளியக்காவிடம் ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி வந்தால், அவரைத் தெரிந்தவர் என்று நானும் சாட்சி போட்டால், வெள்ளிக்கிழமைக்குள் சேர்த்துவிடலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு திருவரங்குளம் போனேன். பஸ்ஸில் மன்னிப்புக் கேட்பதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாசலில் அவருடைய அண்ணி கடலை உரித்துக்கொண்டிருந்தார். டிவி விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் அண்ணிக்குச் சிரிப்பு.

"இன்னமுமா அந்தப் பெருச்சாளிக் கதை? உள்ள போங்க. அதைக் கேக்க ஒரு ஆளு வந்தா அவளுக்குச் சந்தோசம்தான்."

சாளியக்காவுக்கு முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தவுடன், "வாத்தா, கிணத்தடிப் பொண்ணுல்ல நீ?" என்றார். அம்மாவை விசாரித்தார். தயார் செய்து வைத்திருந்த மூன்று மன்னிப்பில் ஒன்றையும் சொல்லவில்லை. போனை எடுத்துப் புதுச் சாளிமுத்துவைக் காட்டினேன். ஒரு பிள்ளை கேட்டது. "இருக்கே!" என்றான் சாளிமுத்து. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

"கேட்ட ஒடனே சொல்லிருதே."

"நடுவுல இருந்த கேப்பை எடுத்துட்டோம்க்கா."

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

ஃபாரத்தை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது வேற யாரோ. இதுக்கு என் பேரைப் போட்டா பொய்யில்லையா?"

பொய் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, அந்த ஸ்கூல் அம்மாகிட்ட நீங்க பொய் சொல்றீங்கன்னு சொன்னது நான்தான்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"தெரியும். ஒங்க லைன் பொண்ணே சொல்லிருச்சேன்னு அந்த அம்மா சொன்னாங்க. நீயாத்தான் இருக்கும்னு நெனச்சேன். மத்ததுங்களுக்கு அம்புட்டுத் தெளிவாப் பேச வராது."

போனில் ஏற்றி வந்திருந்த அந்தப் பழைய டேப்பைப் போட்டேன். எரிச்சலான ஆண் குரல், மௌனம், மேஜைக்கு அடியிலிருந்து வருகிற இருபத்துச் சொச்சம் வயதுக் குரல். வாசலில் கடலை உரிக்கிற சத்தம் நின்றது. அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து கதவோரம் நின்றார்.

"அடியே, இது ஒன் கொரலுல்ல!"

சாளியக்கா அண்ணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இதைக் கேட்டுட்டுத்தான் வந்தியா?"

"ஆமாக்கா."

"இது கெடைக்காம இருந்திருந்தா?"

வந்திருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருந்தது. புதுச் சாளிமுத்துவின் வேலை தொடங்கிய பிறகும் இவரை ஒருநாள் தேடிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லையே. தோன்றாததற்குக் காரணம், அவர் சொன்னது பொய் என்பது அதுவரை எனக்குத் தெரிந்த விஷயம், அவ்வளவுதான்.

"வந்திருக்க மாட்டே. பரவால்ல, எங்க அண்ணியும் இதைக் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சு வந்திருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "இத்தனை வருசமா நான் சொன்னது ஒரு ஆளுக்கும் பத்தலத்தா. மெஷினு ஒரு தடவை சொன்னதும் பத்திருச்சு."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு காப்பி போட உள்ளே போனார். சாளியக்கா ஃபாரத்தைக் கேட்டு வாங்கினார். "பழைய சாளிமுத்துன்னு போடச் சொல்லு. பழையங்குறது இருக்கணும். இல்லன்னா நான் போட மாட்டேன்." எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

படம் வந்துவிட்டது. சாளிமுத்து பதில் சொல்லத் தாமதிப்பதில்லை, இரண்டு கையாலும் வேகமாக லெட்டர் கொடுக்கிறான். என் மகளுக்குப் பிடித்திருக்கிறது. முடிவில் "பழைய சாளிமுத்துவின் கை" என்று ஒரு வரி, அதற்கு எதிரே அவர் பெயர் ஓடுகிறது. அண்ணி அந்த இடத்தில் நிறுத்தி வைத்துத் தெரு முழுக்கக் காட்டினாராம். சாளியக்கா இதுவரை பார்க்கவில்லை என்று கேள்வி.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் போனை எடுத்துத் தேடுவீர்கள், பெயர் ஓடுகிறதா என்று பார்ப்பீர்கள், பார்த்த பிறகு சரிதான் என்பீர்கள். அவரை அப்படி நம்ப நான் ஒருத்தி போதும். நீங்களாவது, சொன்னார் என்பதற்காக நம்புங்கள்.